உருளை பிடித்த கை

முதலில் அதை எண்ணெய்க் கறை என்றுதான் நினைத்தாள். காய்ந்த எண்ணெய் நெடியும் இரும்பு உரசும் முனகலும் தொண்டைவரை நிறைந்த அந்தக் கொட்டகையில், உருளைகளுக்கிடையே நசுங்கி மெல்ல ஊர்ந்துவந்த தகட்டின்மேல் விளக்கைச் சாய்த்தபோதுதான் தெரிந்தது. கறையில்லை, பள்ளம். விரித்த ஐந்து விரல்கள்.

உருளையில் வடு இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் அதே வடு தகட்டில் விழும். தரம் பார்க்கிறவளுக்கு இது பாலபாடம்.

அடுத்த தடத்தில் விரல்கள் லேசாக மடங்கியிருந்தன.

போன மாதம் இதே உருளைதான் மொட்டை என்று எல்லோரும் கூப்பிட்ட தொழிலாளியை உள்ளே இழுத்தது. இங்கே தகடு ஒருமுறை முன்னோக்கி ஓடும், மறுமுறை பின்னோக்கி. தகடு வெளியே வரும் பக்கம் நின்று உருளையைத் துடைத்துக்கொண்டிருந்தான் அவன். குரல் கொடுக்காமல் ஃபோர்மேன் ஓட்டத்தைத் திருப்பினார். துணி, கை, ஆள். உருளையைக் கடைசல் பிடித்து, மெருகு போட்டு, மறுபடி மாட்டினார்கள். பழியைச் செத்தவன் தலையில் போட்டார்கள்.

மொட்டையின் இடத்தில் இப்போது அவள் அண்ணன். இந்த எண்ணெயில் ஊறித்தான் அவளைப் படிக்க வைத்தவன். வலது ஆள்காட்டி விரலில் பாதியைத் தகடு எப்போதோ சீவிவிட்டிருந்தது.

"சார், நிறுத்துங்க. கை மாதிரி தடம் விழுது."

"டிகிரியோட பேய் பிடிக்கவும் சொல்லிக் குடுத்தாங்களா?" ஃபோர்மேன் சிரித்தார். "டேய், உன் தங்கச்சிக்குத் தடம் பிடிக்கலையாம். ஓட்டத்துலயே துடைச்சு விடு!"

"அண்ணே, வேணாம்."

"ஒரு இழுப்புதாம்மா. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே." துணியோடு உருளையை நெருங்கினான்.

மூன்றாவது தடம். விரல்கள் இன்னும் மடங்கியிருந்தன. எதையோ பிடிக்கப் போகிற கை.

பாய்ந்து அவசரக் கயிற்றை இழுத்தாள். எல்லாம் நின்றது. முனகல்கூட அடங்கியது. எங்கோ எண்ணெய் சொட்டியது.

"அறிவிருக்கா உனக்கு?" இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு ஃபோர்மேன் அவளை நோக்கி வந்தார். ஓட்டத்தைத் திருப்பும் விசைகளின் அருகே யாரும் இல்லை.

"நின்னுடுச்சு பாரு, பயந்தாங்கொள்ளி." அண்ணன் சிரித்தபடி துணியை உருளையில் வைத்தான்.

அவள் குனிந்தாள். விளக்கின் கீழே, கடைசித் தடம். மூடிய முஷ்டி. அதற்குள் இன்னொரு கை.

அதன் ஆள்காட்டி விரல், பாதி.

தகடு நகர்ந்தது. பின்னோக்கி. சத்தமே இல்லை.

அண்ணனின் சிரிப்பு நின்றிருந்தது. துணியின் முனை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக, உள்ளே போய்க்கொண்டிருந்தது.