அமைச்சருக்கு வந்த அமைதி

நாகப்பட்டினம் மீன் ஏலத்தில் அன்றும் யாரும் குரல் உயர்த்தவில்லை. வஞ்சிரத்தை விட்டுக்கொடுத்தவரே வாங்கியவருக்குக் கூடையைத் தூக்கிவிட்டார். காவல் நிலையத்தில் ஏட்டு ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வேறு வேலை இல்லை.

அமைதித் துறை ஆய்வாளர் பூங்கோதை, மன அமைதியை அளக்கும் சாந்தமானிக் கருவியோடு தெருத்தெருவாக நடந்தாள். பௌத்த மார்க்கத்தின் முதல் பேறான ‘ஓடை நுழைவை’ எய்திய ஒருவர் இருந்தால் போதும், ஊர் முழுக்கச் சண்டை சச்சரவு அடங்கிவிடும். புத்தர் சொன்னபோது நம்பாதவர்கள் சென்சார் சொன்னதும் நம்பினார்கள். அப்படிப்பட்டவர் கிடைத்தால் அரசு சும்மா விடாது. சென்னைக்குக் கொண்டுபோய்ச் சட்டப்பேரவையில் உட்கார வைத்துவிடும். ஆயுளுக்கும். குடும்பம் கூடப் போக முடியாது.

நாகையின் அமைதி யாரால் என்பது போன வாரமே பூங்கோதைக்குத் தெரிந்துவிட்டது. மானி அவள் வீட்டு ஊஞ்சலைக் காட்டியது. அதில் ஐஸ் ஃபேக்டரி மேலாளரான கணவர் தியாகேசன் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார்.

“நீங்களா? சொல்லவே இல்ல?”

“நீ கேக்கலையே. இதுல சொல்றதுக்கு என்ன இருக்கு?”

அவரைப் பிரிய மனமில்லாமல், ‘தேடல் தொடர்கிறது’ என்றே மேலிடத்துக்கு எழுதிவந்தாள். பொறுமையிழந்த துறை அமைச்சர் வேழவேந்தன் இன்று வீட்டுக்கே வந்துவிட்டார். திட்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கியவர், வாசற்படி ஏறியதும் எதற்குத் திட்டினோம் என்பதை மறந்து நின்றார். தியாகேசன் டீ கொடுத்துவிட்டு, காலிக் கோப்பைக்காகப் பக்கத்திலேயே நின்றார்.

“என்னம்மா இது, உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது. யார் மேலயும் கோவமே வரல. எதிர்க்கட்சிக்காரன் மேலகூட.”

பூங்கோதை கணவரைப் பார்த்தாள். பிறகு மானியை அமைச்சரின் மார்பருகே நீட்டினாள். முள் உச்சியில் நின்றது.

“ஐயா, அது நீங்கதான்.”

அமைச்சர் ஆச்சரியப்படவில்லை. “எனக்கு ரொம்ப நாளாவே ஒரு சந்தேகம்மா.”

அவரைப் பேரவையில் பட்டுத் திண்டில் அமர்த்தினார்கள். ஓடை நுழைந்தவர் பொய் பேசக் கூடாது, கை நீட்டி வாங்கக் கூடாது, குரல் உயர்த்தக் கூடாது. எதிர்க்கட்சியினர் தினமும் சீண்டினார்கள். அவர் வேர்க்க வேர்க்கப் புன்னகைத்தார். பதிலுக்குத் திட்டாத மனிதரை எத்தனை நாள்தான் திட்டுவது? மூன்றாம் மாதம் ஒரு மசோதாவை இரு தரப்பும் படித்துப் பார்த்தே நிறைவேற்றினார்கள். அன்று பேரவை மானியின் முள் லேசாக அசைந்ததாம்.

செய்தி பரவியதும் பக்கத்து மாவட்டத்தார், தங்கள் அமைச்சரையும் சோதித்துச் சொல்லும்படி பூங்கோதைக்கு மனுப் போட்டார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

“இன்னொரு பொய்யா?” என்றார் தியாகேசன், பட்டாணியிலிருந்து தலை நிமிராமல்.

“பொய் இல்லங்க. கொஞ்சம் முன்கூட்டியே சொல்றேன், அவ்வளவுதான்.”