சுண்டுவிரல் பரீட்சை

துடைத்து எடுக்க முடியாத கறை என்று ஒன்று இந்த உலகத்தில் இதுவரை உண்டாகவில்லை. இனிமேல் உண்டானால் அதையும் அவன் துடைத்துவிடுவான். இதைக் கண்ணாடி பெருமைக்காகச் சொல்வதில்லை. சூரியன் கிழக்கே உதிக்கிறது என்று சொல்கிற குரலில்தான் சொல்வான். தார், மரப்பிசின், காக்கை எச்சம், குழந்தை கக்கிய பால், கோபத்தில் யாரோ சாவியால் இழுத்த கோடு என்று கார்களின் மேலிருந்து அவன் எடுக்காதது எதுவுமில்லை. பதினேழு வருடத் தொழில். அவன் மெழுகு பூசித் தேய்த்து முடித்த கதவின் முன் குனிந்தால் நம் தாடி முடியை ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ண முடிந்தால்தான் வேலை முடிந்தது என்பது அவன் சட்டம். அதனால்தான் அவனுக்குக் 'கண்ணாடி' என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் யாருக்கும் நினைவில்லை. அதையும் அவனே துடைத்திருக்கலாம்.

அன்று மதியம் பல் டாக்டரின் கறுப்புக் கார் பட்டறைக்குள் வந்து நின்றபோது, ஒரு சின்ன விஷயம் அவன் கண்ணில் உறுத்தியது. வெளியே மழை. நான்கு கண்ணாடிகளிலும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, அது சரி. ஆனால் பின்பக்க இடது கண்ணாடியில் மட்டும், உட்புறமாக, உள்ளங்கை அகலத்துக்கு ஆவி படிந்திருந்தது. யாரோ முகத்தைக் கிட்டே வைத்து மூச்சுவிட்டதைப் போல. டாக்டர் தனியாகத்தான் ஓட்டி வந்திருந்தார். பின் சீட்டில் ஒரு குடை மட்டும் கிடந்தது.

"எல்லாம் பண்ணிடுங்க," என்றார் டாக்டர். "மேல, உள்ள, சீட்டு, டயர் எல்லாம். அந்தக் கண்ணாடியை மட்டும் தொடாதீங்க."

"கீறல் இருக்கா மேடம்?"

"என் பையனோட கை இருக்கு."

கண்ணாடி எட்டிப் பார்த்தான். ஆவி அதற்குள் மறைந்திருந்தது. "ஒண்ணும் தெரியலையே."

டாக்டர் பின்கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தார். நோயாளிகளை வாயைத் திறக்கச் சொல்கிற அதே முகத்தோடு தன் வாயைத் திறந்து, கண்ணாடியின் மேல் 'ஹா' என்று ஊதினார். ஐந்து சின்ன விரல்கள் எழுந்து வந்தன. மூன்று நொடி நின்றன. போய்விட்டன.

"அவன் போய் ஆறு மாசம் ஆச்சு," என்றார். "சாப்ட்டா கை கழுவுடான்னு எத்தனை தடவை கத்தியிருக்கேன். நல்லவேளை, கேக்கல."

நாலு மணிக்கு மேல் வருவதாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் தலை மறைந்ததும் கண்ணாடி தன் மச்சினனிடம் திரும்பினான். மனைவியின் தம்பி, சீட்டு, தரை, தூசி உறிஞ்சும் வேலை எல்லாம் அவன் பொறுப்பு. "பாத்தியா மாப்ள. வண்டி பூரா பளபளன்னு இருக்கணுமாம், ஒரு கண்ணாடி மட்டும் அழுக்கா இருக்கணுமாம். தினம் உக்காந்து ஊதறதுக்கு. அது என்ன, அடுப்பா?"

சீட்டுக்கு அடியில் தலையை விட்டிருந்த மச்சினன் மெஷினை நிறுத்தினான்.

"அக்காவும் ஒரு கண்ணாடியைக் கேட்டா மாமா."

"எந்தக் கண்ணாடி?"

"பீரோ கண்ணாடி. வாலு முத்தம் குடுத்து வச்சது."

"அது எச்சில்டா."

"எச்சில்தான்," என்று சொல்லிவிட்டு மச்சினன் மெஷினை மறுபடி போட்டான். அந்த இரைச்சலில் பதில் சொல்ல வேண்டிய அவசியம் கண்ணாடிக்கு ஏற்படவில்லை. அவனும் அதற்கு நன்றியோடுதான் இருந்தான்.

வாலு அவனுடைய மகள். ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைக்கூடக் கழற்றாமல் பட்டறைக்கு வருவாள். அவளுக்கென்று ஓர் உத்தியோகம் இருந்தது. மெழுகைப் பூசியதும் அது காய்ந்து வெள்ளையாகப் படலம் கட்ட வேண்டும்; காய்ந்துவிட்டதா என்று பார்க்க விரலால் ஓர் இழுப்பு இழுக்க வேண்டும்; விரல் போன வழி சுத்தமாகப் பளிச்சென்று தெரிந்தால் துணியை எடுக்கலாம். அந்த இழுப்பு அவளுடையது. சுண்டுவிரலால்தான் இழுப்பாள். அந்த விரல் நுனியில் கொஞ்சம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கும், நான்கு வயதில் அவன் பார்க்காமல் சாத்திய கார் கதவில் அகப்பட்டது. அதனால் அவள் இழுக்கிற கோடு நேராகப் போய்க் கடைசியில் கொக்கிபோல் மடங்கும். "காஞ்சிருச்சுப்பா," என்று தீர்ப்பு சொல்வாள். எதிர்த்துப் பேச முடியாது.

மூன்று நாள் காய்ச்சல். அவ்வளவுதான். ஒன்பது மாதம் ஆகிறது.

அவள் போன அடுத்த வாரம் ஒரு மதியம், மனைவி அழுது களைத்துத் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவன் வீட்டைத் துடைத்தான். ஃப்ரிட்ஜ் கதவின் பிசுபிசுப்பு, சுவரில் உயரம் அளந்த பென்சில் கோடுகள், சுவிட்சைச் சுற்றிய கறுப்பு, பீரோ கண்ணாடியில் காய்ந்திருந்த முத்தம். தொழில்காரன், ஒரு புள்ளி விடவில்லை. கண்ணில் பட்டால்தானே வலிக்கும் என்று நினைத்தான். மனைவி எழுந்து வந்து ஒவ்வொரு அறையாகப் பார்த்தாள். "ஷோரூம் மாதிரி இருக்கு," என்றாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். இன்னும் வரவில்லை.

இரண்டரை மணிக்கு மச்சினன் கைகளைக் கழுவிக்கொண்டான். "மழையில பசங்க பள்ளிக்கூட வாசல்லயே நிப்பாங்க, கூட்டிட்டுப் போய் வீட்ல விட்டுட்டு வர்றேன். அந்தக் கண்ணாடியைத் தொட்ராதீங்க மாமா."

"எனக்கென்ன பைத்தியமா?"

ஷட்டரை இறக்கிவிட்டுப் போனான். கண்ணாடி உள்ளிருந்து தாழ் போட்டான். மெழுகு வேலை நடக்கும்போது ஷட்டர் மூடியிருக்க வேண்டும். ஒரு மணல் துகள் பறந்து வந்தாலும் பெயின்டில் கோடு விழும்.

தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டிக்கொண்டிருக்க, டியூப்லைட்டின் முனகலும் பாலிஷ் மெஷினின் உறுமலும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சோப்பு நுரையின் எலுமிச்சை வாசனைக்கு மேல் பாலிஷின் சூடான வாசனை ஏறி, கறுப்பு மெல்ல மெல்ல ஆழமாகி, கதவுகள் தகடாக இருப்பதை விட்டுவிட்டுக் கிணற்றுத் தண்ணீராக மாறிக்கொண்டிருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில் கண்ணாடி எதையும் நினைக்கவில்லை. இந்தத் தொழிலின் பெரிய வசதியே அதுதான். கார் முழுக்க ஜொலித்தது. அந்த ஒரு கண்ணாடி மட்டும் மங்கலாக, தூங்கி வழிகிறவன் கண்ணைப் போல இருந்தது.

அவன் அதைச் சுற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்தான். மறுபடி போனான். கை தானாகத்தான் ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தது. பதினேழு வருடப் பழக்கம். கதவைத் திறந்து உட்புறமாக இரண்டு பீச்சு, குறுக்கே ஒரு துடைப்பு, நெடுக்கே ஒரு துடைப்பு. செய்து முடித்த பிறகுதான் என்ன செய்தோம் என்று பார்த்தான். துணியில் ஒன்றுமே இல்லை. ஒரு குழந்தையின் கைக்கு அவ்வளவுதான் அழுக்கு.

"அந்தம்மாவுக்குத் தெரியவா போகுது," என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னான்.

மெழுகு டப்பாவைத் திறந்தான். சின்னச் சின்ன வட்டங்களாக, மெல்லிசாக, கார் முழுக்கப் பூசினான். காயட்டும் என்று மூலையில் ஸ்டூலைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். கறுப்பின் மேல் வெள்ளைப் படலம் கட்டுவதைக் கொஞ்ச நாளாக அவன் பார்ப்பதில்லை.

கீச்.

ஈர விரலைத் தட்டில் இழுத்தாற்போல ஒரு சத்தம். கூரையாக இருக்கும். மழை பெய்தால் தகரம் என்னென்னவோ பேசும். ஆனாலும் எழுந்து வந்து பார்த்தான். முன்கதவின் படலத்தில் ஒரு விரல் இழுப்பு, பளிச்சென்று. மச்சினன் வேலைதான், போகும்போது இழுத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று ஒரு கணம் நினைத்தான். பிறகுதான், மச்சினன் போகும்போது மெழுகே பூசவில்லை என்பது நினைவுக்கு வந்தது. சரி, நம் கையே பட்டிருக்கும். துணியை எடுத்து அதைத் தேய்த்தான். அந்த இடம் மினுங்கியது.

கீச். பின்பக்கம்.

போய்ப் பார்த்தான். இன்னொரு கோடு. துடைத்தான். டிக்கியில் ஒன்று. துடைத்தான். மறுபக்கக் கதவில் ஒன்று, அதன் கீழே ஒன்று. துணியை மடித்து மடித்துத் துடைத்துக்கொண்டே காரைச் சுற்றி வந்தான். சத்தம் அவனுக்கு ஒரு கதவு தள்ளி முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஓடவில்லை. அவனுக்காக நின்று நின்று போனது. பானெட்டில் கடைசிக் கோடு. அதையும் பாதி துடைத்துவிட்டான்.

பாதியில் கை நின்றது.

எல்லாக் கோடும் அவன் இடுப்பு உயரத்துக்குக் கீழே. பானெட்டில் இருந்ததும் ஓரத்தில்தான், எம்பி இழுத்தது போல. மீதமிருந்த பாதியைக் குனிந்து பார்த்தான். நேராகப் போய், கடைசியில் மடங்கியிருந்தது.

கொக்கி.

மழை பெய்கிறதா, நின்றுவிட்டதா, தெரியவில்லை. துணி கையில் இருந்தது. சுற்றிப் பார்த்தான். கதவுகள், டிக்கி, ஓரங்கள். எல்லாம் துடைத்தாகிவிட்டது. ஒன்றுகூட விடாமல். மறுபடியும்.

"வாலு," என்றான். ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அந்தச் சொல் அவன் வாயிலிருந்து வந்தது. சரியாக வரவில்லை. இருமல்போல வந்தது. "காஞ்சிருச்சாம்மா?"

துணியைக் கீழே போட்டான். பானெட்டின் அந்தப் பாதிக் கோட்டைத் தொடப் பயமாக இருந்தது. தொட்டால் அதுவும் போய்விடும். மெழுகு வெயிலில் வியர்க்கும், மழையில் நனையும், இரண்டு மாதத்தில் கரையும். எங்கேதான் வைத்துக்கொள்வது?

பின்பக்க இடது கதவைத் திறந்தான். உள்ளே ஏறி உட்கார்ந்தான். இடுக்கில் விரல் எதுவும் இல்லை என்று குனிந்து நன்றாகப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினான்.

கண்ணாடியில் டியூப்லைட் தெரிந்தது. அதன் கீழே அவன் முகமும் மங்கலாகத் தெரிந்தது, தாடியோடு. வாயைக் கிட்டே கொண்டுபோனான். ஊதினான்.

ஒன்றுமில்லை. பையனுடைய கையும் இல்லை. வெறும் ஆவி.

மறுபடி ஊதினான்.

ஷட்டரைத் தட்டினார்கள். "மாமா. டாக்டர் வந்திருக்காங்க, திறங்க."

ஊதினான்.

"என்ன மாமா பண்றீங்க உள்ள?"

ஊதினான். ஆவி படிந்தது. அதன் மேல், அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீழிருந்து மேலாக ஒரு கோடு ஏறியது. நிதானமாக. சுண்டுவிரல் அகலம். நேராகப் போய், நுனியில் மடங்கியது.

பரீட்சை முடிந்தது. அதற்கு அடுத்து என்ன என்று அவனுக்குத் தெரியும். அவன்தான் சொல்லிக்கொடுத்தான்.

ஆவி துடைபடத் தொடங்கியது. வட்டம் வட்டமாக. சின்னச் சின்ன வட்டங்கள். ஒரு புள்ளி விடாமல்.

கண்ணாடி சுத்தமாகிவிட்டது. டியூப்லைட் தெரிந்தது. அதன் முனகல்கூடத் தெரியும்போல அத்தனை துல்லியம். பின் சீட்டின் தையல் தெரிந்தது. அவன் உட்கார்ந்திருந்த சீட்டு அதில் காலியாக இருந்தது. அவன் முகம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

வெளியே டாக்டரின் குரல், மிகவும் தணிவாக, "அந்தக் கண்ணாடியைத் தொடலையே?" என்று யாரையோ கேட்டது.

அவன் குனிந்தான். மறுபடியும் ஊதினான்.