கூலண்டுக்குக் கொசுறு

காலையில் காருக்குக் கூலண்ட் ஊற்றியவன் நான்தான். இஞ்சின் கொதிக்காமல் காக்கும் அந்த ரோஸ் நிறத் திரவம், அதற்கான டப்பாவில் இரண்டு கோடுகளுக்கு நடுவே நிற்க வேண்டும். அப்படித்தான் ஊற்றினேன். ஆனால் என் கை சும்மா இருந்தால்தானே! முதலியார்பேட்டையில் மளிகைக் கடை நடத்தும் சிராஜுதீன் நான். கடலையோ பருப்போ, எடை போட்டதும் ஒரு பிடி கொசுறு போட்டே பழகிய கை. டப்பாவுக்கும் போட்டது, விளிம்பு வரை.

"அத்தா, மேல் கோட்டத் தாண்டிடுச்சே?" என்றாள் பத்து வயது மகள் சானியா.

"நம்ம வண்டிக்கே கஞ்சத்தனமா? அத்தாவுக்கு வண்டியப் பத்தி எல்லாம் தெரியும்ல?"

"சீக்கிரம் கெளம்புங்க அத்தா."

இது பதிலே இல்லை. ஆனால் அவள் அவசரம் அவளுக்கு. பிள்ளைச்சாவடியில் தோழி துர்காவின் அப்பா ராஜவேல் புதுப் படகு வாங்கியிருந்தார். அதன் மூக்கில் ஆமை வரைந்தவள் சானியா. இன்று படகு முதன்முதலாகக் கடலில் இறங்குகிறது. தள்ளும் கைகளில் தன் கையும் இருக்கும் என்று துர்காவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

பாதி வழியில் பானட்டுக்குள்ளிருந்து குபுகுபுவென்று புகை!

"போச்சு! இஞ்சின் வெந்துடுச்சு!" ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கி, டப்பா மூடியைத் திருகப் போனேன்.

"தொடாதீங்க!" சானியா என் கையை இழுத்தாள். "சூட்டுல தொறந்தா மூஞ்சில அடிக்கும். மூடியிலயே படம் போட்டிருக்கு பாருங்க."

பார்த்தேன். வண்டி வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறது.

"இழுத்துட்டுப் போற வண்டியக் கூப்புடுறேன்."

சானியாவின் கண்கள் கலங்கின. அது வருவதற்குள் படகு போய்விடும். கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்குள் எட்டிப் பார்த்தாள். பதற்றத்தில் நான் இஞ்சினை அணைக்கவே மறந்திருந்தேன்.

"அத்தா, சூடு காட்டுற முள்ளு எப்பவும்போல நடுவுலதான நிக்குது? மொதல்ல வண்டிய ஆஃப் பண்ணுங்க."

பிறகு டப்பாவைத் தொடாமல், வெளியிலிருந்தே குனிந்து பார்த்தாள்.

"மேல் கோட்டுக்குச் சரியா இருக்கு. உங்க கொசுறு மட்டும் வழிஞ்சு, சூட்டுல பட்டுப் புகையாயிடுச்சு. போலாம்!"

ஆனால் அவள் ஏறவில்லை. காருக்கு அடியில் தேங்கிய ரோஸ் குட்டையை ஒரு நாய்க்குட்டி முகர வந்திருந்தது. "ச்சூ! அது வெஷம்டா செல்லம்!" அதைத் துரத்தி, பாட்டில் தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவி, மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் ஏறினாள்.

கரையில் ராஜவேலின் சட்டையை இறுகப் பிடித்தபடி நின்றிருந்தாள் துர்கா.

"இன்னாடி இவ்ளோ லேட்டு? அப்பாவ எவ்ளோ நேரம் புடிச்சு வெச்சிருக்கிறது!"

சானியா ஓடிப்போய் ஆமைமேல் கை வைத்தாள். "தள்ளு!" படகு அலையில் ஏறியது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் கொசுறாக இன்னொரு தள்ளு தள்ளி, தொபுக்கென்று தண்ணீரில் விழுந்தேன்.

சட்டையைப் பிழிந்துகொண்டே கேட்டேன்: "மறைக்காம சொல்லும்மா. அத்தாவுக்கு வண்டியப் பத்தித் தெரியுமா?"

"தெரியாது அத்தா" என்றாள். கொசுறாகக் கன்னத்தில் ஒரு முத்தம்.