பால் வெள்ளைச் சொட்டு

பழைய கண் வார்டில் டாக்டர் மறுபடி வேலைக்குச் சேர்ந்த அன்று காலை, கண் சோதிக்கும் இருட்டறையின் கறுப்புத் திரையை இழுத்ததுமே இடது கண்ணில் தூசி விழுந்தது. நல்ல வரவேற்பு என்று முணுமுணுத்தபடி கசக்கிக்கொண்டாள். கண்ணைக் கசக்காதீர்கள் என்று ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிறவளும் அவள்தான்.

முதலில் வந்தவர் ஒரு தச்சர். வலது கண் சின்ன வயதிலேயே போய்விட்டது. மிச்சமிருந்த கண்ணில் மரச்சிராய் தெறித்து, கருவிழியில் புண்.

"இந்த ஒண்ணுதான் டாக்டரம்மா எனக்கு. பாத்துப் பண்ணுங்க."

விளக்கை அணைத்துவிட்டு, கருவியின் மெல்லிய ஒளிக்கீற்றைப் புண்ணின்மேல் ஓட்டினாள். முன்பிருந்த டாக்டர் தந்த மூன்று நாள் மருந்தில் சிவப்பு கொஞ்சம் வடிந்திருந்தது. புண்ணைச் சுரண்டி எடுத்த ஸ்லைடில் கிருமி எதுவும் இல்லை என்று பழைய சீட்டு சொன்னது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். ஸ்டீராய்டு சொட்டு எழுதினால் கண் சீக்கிரம் வெளுக்கும், அடுத்த ஆளைக் கூப்பிடலாம்.

பேனாவை எடுத்தாள்.

அந்தக் கருவிழியின் பளபளப்பில், அவள் தோளுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். இடது கண்ணில் பஞ்சுக் கட்டு.

திரும்பினாள். யாருமில்லை.

ஈரக் கட்டுத்துணியின் வாடை மட்டும் இருந்தது.

"மறுபடி சுரண்டிப் பாருங்க."

"என்ன சொன்னீங்க?" என்றாள் டாக்டர்.

"நான் வாயே தெறக்கலையே," என்றார் தச்சர்.

அவளுக்கு அந்தக் குரல் தெரியும். பத்து வருடத்துக்கு முன், இதே அறையில், பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு தையற்காரிக்கு அவசரத்தில், சுரண்டிப் பார்க்காமலே ஸ்டீராய்டு எழுதினாள். உள்ளே இருந்தது பூஞ்சை. அந்த மருந்தில் அது கொழுத்து வளர்ந்தது. அவளுடைய இடது கண்ணையே எடுக்கும்படி ஆயிற்று. அடுத்த வருடம் அந்தத் தையற்காரியும் போய்ச் சேர்ந்தாள். இதை டாக்டர் யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

பேனாவை வைத்துவிட்டு, புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்தாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள்.

நூல் நூலாகப் பூஞ்சை.

அவரை வார்டிலேயே சேர்த்து, பூஞ்சைக்கான சொட்டு, மணிக்கு ஒரு தடவை என்று எழுதினாள். அதுவும் ஸ்டீராய்டும் ஒரே பால் வெள்ளை. பாட்டிலைப் பார்க்காமல் எது எதுவென்று யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு வாரத்தில் புண் பாதியாகச் சுருங்கியது. டாக்டருக்கு அழுகையே வந்துவிட்டது. தலைக்கு மேல் வேலை. தன் கண்ணில் அன்று விழுந்த தூசியின் உறுத்தலை அவள் கவனிக்கவே இல்லை.

"அந்தம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும்," என்றார் தச்சர். "மணி தவறாம வந்து ஊத்துறாங்க. தொண்டை வரைக்கும் கசக்குது."

"எந்தம்மா? நர்ஸா?"

"இல்லீங்க. கண்ணுல கட்டுப் போட்டிருப்பாங்களே, அவங்க. இனி எனக்கு நர்ஸே போதுமாம். அடுத்தது நீங்களாம்."

டாக்டர் இருட்டறைக்கு ஓடி, கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் குனிந்து பார்த்தாள். இடது கருவிழியில் கடுகளவு வெள்ளைப் புள்ளி.

ஈரக் கட்டுத்துணியின் வாடை வந்தது.

பின்னாலிருந்து குளிர்ந்த விரல்கள் அவள் இமையை விரித்தன.

ஒரு சொட்டு.

கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டுப் பார்த்தாள். பால் வெள்ளை. மெல்லத் தொண்டையில் கசப்பு இறங்கியது. எந்தப் பாட்டில் என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை.