ஒரே சஹன்

பெருநாளன்று அந்தியில் மகளுக்குச் சட்டை மாற்றிவிடும்போது, ரப்பர் கையுறையையும் மீறிப் பிள்ளையின் கை சுட்டது. கமருன்னிசாவுக்குத் திக்கென்றது. சுனாமியன்று இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினாளே, அன்றிலிருந்து அஃபீஃபாவின் கை சில்லென்றுதான் இருக்கும். காய்ச்சலும் இல்லை. பிள்ளை சிரித்தாள். எப்போதும் பாதி மூடிக்கிடக்கும் இமைகள் முழுதாகத் திறந்திருந்தன.

போன மாதம்தான் சென்னையில் ஒரு டாக்டர் ஊசி போட்டார்.

"செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு இருக்கும்மா, அடுப்பு மாதிரி. உங்க பிள்ளைக்கு அது அணைஞ்சுகிட்டே வருது. நல்ல செல்லு பக்கத்துல இருந்தா, நூல் மாதிரி குழாய் நீட்டித் தன் அடுப்பைக் கொடுக்கும். ஆய்வுக்கூடத்துல பாத்திருக்கோம். மனுஷங்களுக்குப் பண்ணிப் பாத்ததில்ல."

"என்னோடத எடுத்துக்குங்க டாக்டர்."

"உங்களோடது உதவாதும்மா. இது தாய்வழியா வந்த குறை."

அந்தப் பேச்சு இன்னும் நெஞ்சை அறுத்தது. பெற்றதே குற்றமாகிவிட்டது. கடைசியில் கணவன் இக்பாலின் எலும்பு மஜ்ஜையிலிருந்துதான் செல் எடுத்தார்கள். மறுபடி வந்து காட்டுகிறவரை வெறுங்கையால் யாரும் பிள்ளையைத் தொடக்கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் பெருநாளும் அதுவுமாகப் பெற்ற பிள்ளையைத் தனித்தட்டில் உட்காரவைக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? நல்ல நாளென்றால் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் கைபோட்டுச் சாப்பிடுவதுதான் அவர்கள் வீட்டு வழக்கம். அத்தனை பெரிய தட்டில் அவரவர் பக்கம் அவரவர் கை. அது தொட்டதாக ஆகாதே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நெய்ச்சோற்றைக் கொட்டினாள்.

கரண்ட் போயிருந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நெய்யும் ஏலக்காயும் மணக்க, தெருவில் பிள்ளைகளின் கூச்சல் தூரத்தில் தேய்ந்துகொண்டே போக, சோற்றுக்கு அடியிலிருந்து ஏதோ ஊர்வதுபோல் மெல்லிய சரசரப்பு அவள் காதில் விழுந்தது.

"கை மரத்துப்போவுது கமரு" என்றான் இக்பால்.

அவள் குனிந்து பார்த்தாள். சேமியாபோல வெள்ளையாக ஏதோ கிடந்தது. அவள் சேமியா போடவில்லை.

மகளின் விரல் நுனிகளிலிருந்து புறப்பட்டிருந்தது. சோற்றுக்குள் நுழைந்து, இக்பாலின் நகக்கண்களுக்குள் போயிருந்தது. துடித்தது.

இக்பாலின் இமை சரிந்தது. தலை சரிந்தது. அஃபீஃபாவின் கன்னத்தில் ரத்தம் ஏறியது.

கமருன்னிசா தன் கையைக் குறுக்கே வைத்தாள். "என்னோடத எடுத்துக்க தங்கம். அத்தாவை விட்டுடும்மா."

நூல்கள் அவள் விரலைத் தடவிப் பார்த்தன. பின்வாங்கின. சுற்றிக்கொண்டு போயின.

அவன் கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். இழுத்தால் பிள்ளை? இழுக்கவில்லை.

நூல்கள் தாமாகவே கழன்றன. இக்பாலின் கை சில்லிட்டிருந்தது.

"இன்னும் பசிக்குது உம்மா."

"கமரக்கா, இருக்கீங்களா?" வாசலில் அடுத்த வீட்டு அல்லி. பெருநாள் வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறாள்.

கமருன்னிசா புருஷனின் கையை எடுத்து அவன் மடியில் வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உள்ள வா அல்லி. எங்களோட ஒரு வாய் சாப்பிட்டுப் போ."

சோற்றுக்கு மேலே வெள்ளை நுனிகள் ஒவ்வொன்றாகத் தலைதூக்கி, வாசல் பக்கம் திரும்பின.