கேள்வி இல்லை, ஒரு கருத்து

ஈரோட்டு அறிவியல் புனைகதை வாசகர் மாநாட்டுக்கு இந்த வருடம் கூட்டம் அள்ளியது. ஆனால் பொதுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை. ஆளுக்கோர் அறை, கதவுகள் சாத்தியிருந்தன. தேநீர் மேசையில் போண்டா ஆறிக்கொண்டிருந்தது. போன வருடம் வரை அந்த மேசையைச் சுற்றி நின்றுதான் அத்தனை பேரும் தொண்டை கிழியச் சண்டை போடுவார்கள்.

எல்லாம் விழைமானி என்ற கருவி செய்த வேலை. நெற்றிப்பொட்டில் ஒரு வில்லையை ஒட்டினால், வாய்விட்டுச் சொல்லாத ஆசையையும் அது அளந்து நிறைவேற்றிவிடும். ரசிகர்களுக்கு மாநாட்டில் என்னதான் வேண்டும் என்று அதனிடம் கேட்டவள் அமைப்பாளர் தமயந்தி. எழுத்தாளரைப் பார்க்கணும், புத்தகம் வாங்கணும் என்றுதான் வரும் என நினைத்தாள். வந்ததோ ஒரே பதில்: ஒலிவாங்கி வேண்டும். "எனக்குக் கேள்வி இல்லீங்க, ஒரு சின்னக் கருத்து" என்று எழுந்து அரைமணி பேசுவார்களே, அவர்கள் மட்டுமல்ல, வாயே திறக்காதவர்களுக்கும் உள்ளூர அதுதான் ஆசை. கொடுத்துவிட்டது விழைமானி. ஒவ்வொருவருக்கும் ஓர் அறை, ஓர் ஒலிவாங்கி, கேட்டுத் தலையாட்ட ஒளியாட்கள். வெளிச்சத்தால் ஆன அந்த ஆட்களுக்கெல்லாம் பேசுகிறவரின் நண்பர்களுடைய முகங்கள்.

தமயந்தி சேனாபதியண்ணனின் அறையைத் தேடிப் போனாள். மாநாட்டின் மூத்த வாசகரான அவர் இன்று மாலை விமானம் ஏறுகிறார். ஆஸ்திரேலியாவில் மகளோடு தங்கப் போகிறார், இனி வரமாட்டார். காலத்தில் பின்னோக்கிப் போக முடியும் என்று அவரும், போனது போனதுதான் என்று இவளும் வருடா வருடம் மல்லுக்கட்டுவார்கள். கடைசியாக ஒருமுறை அந்தச் சண்டை வேண்டும் அவளுக்கு.

அவர் அறைக்குள் நுழைந்தாள். முன்வரிசையில் அவள் முகத்தோடேயே ஓர் ஒளியாள், அவர் சொன்னதற்கெல்லாம் மண்டையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அண்ணா, எனக்குக் கேள்வி இல்லீங்க, ஒரு கருத்து. நீங்க சொல்றது நடக்காதுங்க."

சேனாபதி கண்ணைச் சுருக்கி முன்வரிசையைப் பார்த்தார், பிறகு இவளை.

"யாருப்பா அங்க? அம்மணி ரெண்டாத் தெரியுது. பின்னால நிக்கறது பழுதாட்டம் இருக்குது, தலையவே ஆட்ட மாட்டீங்குது. எடுத்துருங்க."

"நாந்தாண்ணா நெசம்."

"இதுவும் காலையில அப்படித்தான் சொல்லுச்சு" என்று முன்வரிசையைக் காட்டிச் சிரித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார்.

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து, தான் வெளிச்சமில்லை என்று காட்டியிருக்கலாம். ஆனால் முன்வரிசை தலையாட்டியதும் அவர் முகம் மலர்ந்ததே, அதைப் பார்த்தபின் அவளுக்கு மனம் வரவில்லை.

வெளியே வந்தாள். எதிர் அறைக் கதவில் அவள் பெயர். தன் நெற்றியிலும் வில்லை இருப்பதை மறந்தே போயிருந்தாள். உள்ளே ஒரே ஒரு நாற்காலி. அதில் ஒளியாய்ச் சேனாபதி.

"அதெப்படி அம்மணி ஒத்துக்க முடியும்?"

அவளுக்கு அழுகை வந்தது. ஒலிவாங்கியைப் பிடித்தாள். பழையபடி மல்லுக்கட்டினார்கள். கடைசியில் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, "செரி, நீ சொல்றதுதான் செரி அம்மணி" என்றார். நிஜ சேனாபதி ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

வெளியே பெட்டி உருளும் சத்தம் கேட்டது.

"அம்மணி எங்கப்பா? நெசமான அம்மணி? சொல்லிட்டுப் போலாம்னு பார்த்தேன்."

தமயந்தி திரும்பவில்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்கண்ணா" என்றாள் நாற்காலியிடம்.