பூண்டு வாசம்

"கண்ணை மூடு… மோந்து பாரு… என்ன வாசனை?"

காலையில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் யாரும் கூடத்துக்குள் நுழைய முடியாது. பெருந்தொற்று வந்ததும் மூத்தவர் போட்ட சட்டம் அது. கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். வீட்டுக்கும் பிரேக் தன் காலடியில்தான் இருக்கிறது என்று நினைப்பு. வாசனை தெரிந்தால் உள்ளே போகலாம், தெரியாவிட்டால் தனி அறை. மோந்து பார்க்க எப்போதும் அதே ரோஜா சோப்புதான்.

அவருடைய தம்பி மனைவிக்கு அந்த வரிசையில் இடமே கிடையாது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பதால் அவளுக்கு மொட்டைமாடி அறை. பெற்ற மகள் சிட்டுவைக்கூடப் படிக்கட்டில் நின்று பார்ப்பதோடு சரி, தொடக் கூடாது. பிள்ளைகள் நன்றாக இருந்தால் போதும் என்று அவளே ஏற்றுக்கொண்ட ஏற்பாடு அது. ஆனால் மாசமாக இருந்த ஓரகத்திக்குப் போன மாதம் தொற்று வந்து குணமானதும், பழி முழுவதும் இவள் தலையில் விழுந்தது.

"இன்னிக்கு முடிவு சொல்லிடணும்மா," என்றார் மூத்தவர். "வேலையை விட்டுடு. இல்லேன்னா பொண்ணை எங்ககிட்ட விட்டுட்டு வேற இடம் பாத்துக்கோ."

"நான் கொண்டு வரலை அத்தான்! குளிக்காம ஒரு நாளும் நான் இந்தப் படி இறங்கினதே இல்லை…"

"பின்னே, வானத்துல இருந்து குதிச்சுதா?" ஓரகத்தி கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கணவன் குனிந்து செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணன் பேசும்போதெல்லாம் அவனுக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.

அன்று சோப்பு கரைந்து தீர்ந்துபோயிருந்தது. மூத்தவர் ஒரு பூண்டுப் பல்லை நசுக்கி எடுத்துவந்து, முதலில் நின்ற தன் மகனின் மூக்கருகே நீட்டினார். 'வாண்டு' என்று எல்லாரும் கூப்பிடும் அந்தப் பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னான்.

"ரோஜா சோப்பு!"

எல்லாரும் சிரித்தார்கள். படிக்கட்டில் நின்றவள் மட்டும் சிரிக்கவில்லை.

"கண்ணா, இன்னொரு தடவை நல்லா மோந்து பாரு."

"சோப்புதான் சித்தி… எப்பவும் சோப்புதானே?" அவன் குரல் கம்மியது. "எனக்கு ரொம்ப நாளா எதுவுமே மணக்கலை. வயித்தை வலிக்குது சித்தி…"

கண்ணைத் திறந்தான். இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சட்டமாவது ஒன்றாவது! அவள் படியிறங்கி ஓடிவந்து அவனை வாரி எடுத்தாள். உடம்பு கொதித்தது, முதுகெல்லாம் செந்தடிப்பு.

"தொடாதே!" என்று கத்தினார் மூத்தவர்.

"அப்புறமா திட்டுங்க அத்தான். இப்ப வண்டியை எடுங்க!"

அதட்டலாக அவள் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மூத்தவர் மறுபேச்சில்லாமல் சாவியைத் தேடினார்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு ஒருவர்தான் தங்கலாம் என்றார்கள். இரத்தப் பரிசோதனை செய்துகொண்டு உள்ளே போனால், அவர்கள் விடும்வரை வெளியே வர முடியாது. மாசமாக இருப்பவளுக்கு அனுமதி இல்லை. மூத்தவர் முன்னால் வந்தார். பிள்ளையோ சித்தியின் கழுத்தைக் கட்டிய கையை எடுக்கவில்லை. படிக்கட்டிலிருந்து பார்த்த மகளை இனி அப்படியும் பார்க்க முடியாது. ஆனாலும் அவள் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

பிள்ளை தேறிக்கொண்டு வந்ததும் டாக்டரம்மா பெரியவர்களை வாசலில் நிற்கவைத்துப் பேசினார். இவளும் கண்ணாடிக் கதவுக்குள் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பிள்ளைங்களுக்கு இது வராதுன்னு யார் சொன்னது? நிறையப் பேருக்குச் சளி மாதிரி வந்துட்டுப் போயிடும். ரொம்பச் சிலருக்குத்தான், எல்லாம் ஓய்ஞ்ச பிறகு உடம்பு தன்னையே தாக்க ஆரம்பிக்கும். இவனுக்கு இதயத்துலகூட வீக்கம் இருந்தது. நல்ல நேரத்துல கொண்டு வந்தீங்க, பிழைச்சான்."

"அவனுக்கு எப்போ வந்தது டாக்டர்? வீட்டுக்குள்ள அவதானே கொண்டு வந்தா…" மூத்தவர் உள்ளே கையைக் காட்டினார்.

"அவங்களா? அவங்க ரத்தத்தைப் பார்த்தாச்சு. இது அவங்களுக்கு வந்ததுக்கான அடையாளமே இல்லை. பையனுக்குப் போன மாசமே வந்து போயிருக்கு."

ஓரகத்தி தன் கணவனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நான்தான்… நான்தாங்க! என் சிநேகிதி வீட்டுப் பிள்ளைங்களோட விளையாடணும்னு அடம்பிடிச்சான். உங்களுக்குத் தெரியாம கூட்டிட்டுப் போனேன். வந்ததும் சளி பிடிச்சுது, ராத்திரி உடம்பும் சுட்டது. சொன்னா என்னைத் திட்டுவீங்கன்னு மறைச்சேன். அவன்கிட்ட இருந்துதான் எனக்கே வந்தது… தெரிஞ்சே அவ மேல போட்டேன்!"

வீட்டில் திட்டு வாங்குவதற்குப் பயந்தே ஒரு உயிர் போயிருக்கும் என்பது மூத்தவருக்கு அப்போதுதான் உறைத்தது.

பிள்ளையும் அவளும் வீட்டுக்கு வந்த நாளில் ஓரகத்தி வாசலிலேயே அவள் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

"என்னை மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா…"

"வலிச்சது அக்கா. வலிக்கலைன்னு பொய் சொல்ல மாட்டேன்." அவள் கண்ணும் நிறைந்தது, குரல் மட்டும் தளரவில்லை. "ஆனா அவனுக்கு நானும் அம்மாதானே? இனிமே யாருக்கு உடம்பு சுட்டாலும் இந்த வீட்டுல வாய்விட்டுச் சொல்லணும். யாரும் யாரையும் திட்டக் கூடாது. நான் வேலைக்குப் போவேன். என் பொண்ணு என்கூடத்தான் படுப்பா."

"அவ சொன்னபடிதான் நடக்கும் அண்ணே," என்றான் கணவன். துடைப்பதற்கு அவனுக்கு அன்று செருப்பு எதுவும் அகப்படவில்லை போலும்!

"நடக்கட்டும்டா," என்றார் மூத்தவர், தலை குனிந்தபடி.

சிட்டு தூணருகே எட்டவே நின்றாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. இத்தனை நாள் சொல்லிச் சொல்லிப் பழக்கியது அது.

"அம்மா… இன்னிக்குத் தொடலாமா?"

பழி விழுந்த நாளில்கூட அழாதவள் அந்தக் கேள்விக்கு உடைந்து அழுதாள். தரையில் மண்டியிட்டுக் கைகளை விரித்தாள்.

"தொடலாம்டி என் தங்கம்… இனிமே கேக்கவே வேணாம்!"